எப்சம் முகவரி

"ஸ்காலர்ஷிப் எல்லாம் இல்லாதப்பட்டவங்களுக்கும்மா. நீ எதுக்கு அந்தப் பக்கம் போற?"

"நாம இருக்கப்பட்டவங்களா, அத்தை?"

"நான் இருக்கேன்ல. மாமா இருக்காருல்ல. பேசாம அந்த உளுந்தக் கழுவு."

"நீங்க இருக்கீங்க. நான் எங்க இருக்கேன்?"

"ஐயோ, பதினேழு வயசுல இவ்ளோ வாயா! இதுல கால்வாசி உங்கப்பனுக்கு இருந்திருந்தா இந்நேரம் மேனேஜர் ஆயிருப்பான்."

பிப்ரவரியில், பள்ளி திறந்த வாரத்தில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில், எப்சம் பகுதியில் உள்ள அத்தை வீட்டுச் சமையலறையில் நடந்த பேச்சு இது. நிர்மலாதேவி அத்தை அதைச் சிரித்தே மறந்துவிட்டாள். விஷாலினி மறக்கவில்லை. கழுவிய உளுந்தைக் கொண்டுபோய் அத்தை பக்கத்தில் வைத்துவிட்டு, மாடிக்குப் போய், மடிக்கணினியைத் திறந்து, அன்றைக்கே முதல் விண்ணப்பத்தை ஆரம்பித்தாள்.

இப்போது ஆகஸ்ட். அனுப்பியவற்றில் பலவற்றுக்கு மறுப்பு வந்துவிட்டது. ஒன்றில் குடும்பத்தின் கஷ்டத்தை உருக்கமாக எழுதச் சொல்லியிருந்தார்கள். 'என் அப்பா உழைக்கிறார், என் அம்மா உழைக்கிறார், நானும் உழைப்பேன். அழுவதற்கு எங்களுக்கு நேரமில்லை' என்று எழுதி அனுப்பினாள். அதற்கு மறுப்புக்கூட வரவில்லை. பரவாயில்லை என்று அடுத்ததைத் தேடினாள்.

அத்தை வீட்டில் அவள் இருப்பது நான்காவது வருடம். அப்பா தேவனும் அம்மா கோமளாவும் தெற்கு ஆக்லாந்தின் மனுரேவாவில், ரயில் பாதை ஓரத்து வீட்டில் இருக்கிறார்கள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஆக்லாந்துக்கு வந்த புதிதில் அத்தை வீட்டில்தான் எல்லோரும் தங்கினார்கள். பிறகு அப்பாவுக்கு விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு பெரிய கிடங்கில் வேலை கிடைத்தது. அதற்குப் பக்கமாக வீடு வாங்கிப் போனார்கள். விஷாலினிக்குப் பதின்மூன்று வயதானதும் பள்ளிக்கூடப் பேச்சு வந்தது. எப்சம் பக்கத்துப் பள்ளியில் சேர வேண்டுமென்றால் அந்த எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். அதற்காகவே ஓரறை வீட்டை எடுத்துக்கொண்டு நான்கு பேர் நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள் உண்டு. "நமக்கு அக்கா வீடே இருக்கு. கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார் அப்பா. நல்ல பள்ளிக்கூடம் என்றால் நல்ல மார்க், நல்ல மார்க் என்றால் ஸ்காலர்ஷிப் தானாக வரும் என்பது அவர் கணக்கு.

அப்படித்தான் ஞாயிறு மாலை முதல் வெள்ளி மாலை வரை எப்சம் என்றும், சனிக்கிழமை மட்டும் மனுரேவா என்றும் அவள் வாழ்க்கை பிரிந்தது. மனுரேவாவில் அவள் அறையை ஒரு நர்ஸுக்கு வாடகைக்கு விட்டார்கள். சனிக்கிழமைகளில் ஹாலில் மெத்தை விரித்துக்கொள்வாள்.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. அவள் மகன் தினேஸ்வரன் பெர்த்துக்குப் போனவன், தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்வதோடு சரி. அவன் அறைதான் விஷாலினிக்கு. மழை நாளில் பள்ளி வாசலுக்கே குடையோடு வந்து நிற்பாள் அத்தை. பரீட்சைக் காலத்தில் தலைவலி மாத்திரையோடு அறை வாசலில் காவல் இருப்பாள். கோபப்படுவதற்கு யாருமே இல்லாத ஏற்பாடு அது. எல்லோரும் அவளுக்காகத்தான் செய்தார்கள்.

வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று மட்டும் அவளுக்கு முதல் வாரத்திலிருந்தே இருந்தது. முதல் வெள்ளிக்கிழமை காரில் ஏறியதும் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்தாள். அவர் அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். "வேலை எடத்துல எல்லாரும் கேட்டாங்க. என் பொண்ணு எப்சம்ல படிக்கிறான்னு சொன்னேன். ஒருத்தன் கை குடுக்கறான்!" என்றார். "எப்படிம்மா இருக்கு?" என்று அதற்கப்புறம்தான் கேட்டார். "ஓகேப்பா" என்றாள். அந்த ஓகே நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

*

பள்ளியில் மேற்படிப்பு ஆலோசகர் மிஸஸ் ஹார்ட்லி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இதைப் பார். உன்னை வைத்து எழுதினது மாதிரி இருக்கிறது."

சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் சில சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை அது. கிடங்குகளிலும் லாரிகளிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். படிப்பு முடியும்வரை கல்விக் கட்டணம், கோடை விடுமுறையில் வேலை. சப்ளை செயின் படிப்பவர்களுக்கு முன்னுரிமை. ஒரு பொருள் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிக் கடைத் தட்டுக்கு வந்து சேரும்வரை யார், எப்படி, எந்த வழியில் கொண்டுவருகிறார்கள் என்பதைப் பற்றிய படிப்பு அது. சிறு வயதில் அப்பாவின் கிடங்கைப் பார்க்கப் போனபோது, கூரை தொடும் அடுக்குகளுக்கு நடுவே அவர் கையை அசைத்தால் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் நான்கு நிற்பதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அதில்தான் ஆசை.

"அப்பா இன்னும் விரியில்தானே?"

"ஆமாம். ராத்திரி ஷிஃப்டுக்கு டீம் லீடர்."

"எல்லாம் சரி. ஒன்றுதான் இடிக்கிறது." மிஸஸ் ஹார்ட்லி கண்ணாடியைக் கழற்றினார். "தெற்கு ஆக்லாந்தில் வசிக்கிறவர்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. பள்ளிப் பதிவில் நீ எப்சம்."

விஷாலினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

"ஸ்காலர்ஷிப் கிடைக்கும்னுதான் என்னை எப்சத்துக்கு அனுப்பினாங்க, மிஸ். மனுரேவாவிலேயே படிச்சிருந்தா கிடைச்சிருக்குமா?"

"விண்ணப்பிக்கவாவது முடிந்திருக்கும்." அவர் சிரிக்கவில்லை. "எப்சம் முகவரியைப் பார்த்தால் வசதியான வீட்டுப் பெண் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்கள் பலவற்றுக்கு இது கடைசி வருடத்தில்தான் தெரிகிறது. பதிவை விடு. நீ எங்கே வசிக்கிறாய்?"

"வார நாளில் இங்கே. சனிக்கிழமை..."

"எங்கே தூங்குகிறாய் என்று கேட்கவில்லை. உன் வீடு எது?"

இவ்வளவு சின்னக் கேள்விக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை அவள்.

"மனுரேவா" என்றாள்.

"அப்படியானால் உன் பெற்றோரோடு போய் இரு. மகள் எங்களோடு இந்த வீட்டில் இருக்கிறாள் என்று அப்பா எழுத்தில் உறுதி தர வேண்டும். இத்தனை வருடம் ஒழுங்காக எல்லைக்குள் இருந்து படித்தவள் நீ. கடைசி மூன்று மாதத்துக்காகப் பள்ளியில் யாரும் உன்னைப் போகச் சொல்ல மாட்டார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். விண்ணப்பிக்க அடுத்த வெள்ளி கடைசி நாள்."

*

அந்த வாரமே வெள்ளி மாலை அப்பா காரோடு வந்தார். நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"பசியாறிட்டியாம்மா?"

"ஆச்சுப்பா." அறக்கட்டளையைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கிடங்கு வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கு என்றதும் அப்பா ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டினார்.

"அட! நம்ம கம்பெனிகூட அதுல இருக்கும்லா. போடு, போடு. உடனே போடு."

"முகவரி கேக்கறாங்கப்பா."

"எப்சம் போடு. கெத்தா இருக்கும்."

"எப்சம் போட்டா கிடைக்காது. மனுரேவா போடணும். நான் உங்ககூட இருக்கேன்னு நீங்க எழுதித் தரணும். நிஜமாவே இருக்கணும்."

அப்பாவின் கை ஸ்டீயரிங்கில் அப்படியே நின்றது. முன்னால் போன பேருந்தின் பின்பக்கத்தை அக்கறையாகப் பார்த்தார்.

"அக்காகிட்ட எப்படிம்மா சொல்றது? நாம வந்து எறங்கினப்ப கையில என்ன இருந்துச்சு? ஆறு மாசம் மூஞ்சி சுளிக்காம சோறு போட்டாங்க."

"அதுக்கு நான் வாடகையாப்பா?"

"பேச்சப் பாரு! யார்கிட்டருந்து வந்துச்சு இந்த வாய்?"

"உங்ககிட்ட இல்லன்னு அத்தையே சொல்லிட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் கொஞ்சம் தைரியமும் வந்தது போலிருக்கிறது. "மாமாதான் படிக்க வைக்கறேங்கறாரே. ஆப்டோமெட்ரி படிச்சா அவரு கண்ணாடிக் கடை ரெடியா இருக்கு. கண்ணு பாக்கற டாக்டரு. எத்தன பேருக்கு அமையும்?"

"எனக்குக் கண்ணு பாக்க வேணாம்ப்பா. ஸ்காலர்ஷிப் கிடைக்கலன்னா ஸ்டூடண்ட் லோன் எடுத்துப் படிப்பேன்."

"கடன்லயா? நம்ம குடும்பத்துல யாரும் கடன் வாங்கிப் படிச்சதில்ல."

"மார்ட்கேஜ் என்னாவாம்? அது பேங்க் குடுத்த அன்பளிப்பா?"

அப்பா கண்ணாடியைப் பார்த்து லேன் மாறினார். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னார்: "அங்க ஒனக்கு என்ன கொறச்சல்? தனி ரூம். ஹீட்டர். நம்ம வீட்ல ஹால்ல படுக்கற."

சொல்லிவிட வேண்டிய இடம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. வாய்வரை வந்தது. ஆனால் அப்பாவின் முகத்தில் அந்த ஹாலை நினைத்து ஒரு கூச்சம் ஓடியது. அதைப் பார்த்ததும் வார்த்தை மறுபடி உள்ளே போய்விட்டது. ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினாள். தன் மேலேயே கோபமாக வந்தது.

மறுநாள் காலை அம்மா மிளகாய்ச் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை அவளுக்கு. மதியம் கிளம்ப வேண்டும். சாப்பாட்டு மேசையில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"முகவரி ஏன் காலியா இருக்கு?"

"அப்பாவக் கேளுங்க."

"அப்பா என்னக் கேக்கச் சொல்றாரு. நேத்து பூரா யோசிச்சுக்கிட்டே இருந்தாரு." அம்மா அடுப்பைக் குறைத்தாள். "ஒனக்கு அங்கதான் புடிச்சிருக்குன்னு அவரு நெனச்சிருக்காரு. நானும்தான். இங்க வந்தாலே நீ போனும் கையுமா ஒரு மூலைல ஒக்காந்துக்கற."

"எனக்கு இங்க மூலைதானம்மா இருக்கு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"புடிக்கலன்னா சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டாத்தான சொல்ல முடியும்?"

"சொன்னாத்தான தெரியும்?"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு அம்மா அவள் அருகில் வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்து, அவள் காதோரத்து முடியை ஒதுக்கினாள். "உங்கப்பாகிட்ட நேராச் சொல்லு. நான் சொன்னா, நான் சொல்லிக் குடுத்ததா ஆயிரும். அவரு அக்காவுக்கு முன்னாடி நிக்கறதுக்கு, நீ கேட்டேங்கற பலம் அவருக்கு வேணும்."

அதற்குள் போன் அடித்தது. அத்தைதான். ஞாயிறு விருந்துக்குச் சீக்கிரம் வந்துவிடச் சொன்னாள்.

*

மாமா மாணிக்கவாசகத்தின் கண்ணாடிக் கடைக்கு இருபத்தைந்து வயது. அதற்காக விருந்து. எப்சம் வீட்டின் பின்புறத்தில் கூடாரம் போட்டு, சான்ட்ரிங்ஹாம் இந்தியக் கடைகளிலிருந்து வாழையிலை வரவழைத்திருந்தாள் அத்தை. கோவில் நண்பர்கள், கடைப் பணியாளர்கள், பழைய வாடிக்கையாளர்கள் என்று கூட்டம். மாமாவின் நண்பர் சுப்பிரமணியன் எல்லாப் பந்தியிலும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பாயசம் வரும் நேரத்தில் அத்தை ஸ்பூனால் டம்ளரைத் தட்டினாள். பட்டுப் புடவையில், சிவந்த முகத்தோடு, உண்மையிலேயே அழகாக இருந்தாள்.

"எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி. எங்க விஷா அடுத்த வருஷம் ஆப்டோமெட்ரி படிக்கப் போறா. மாமாதான் படிக்க வைக்கறாரு. படிச்சு முடிச்சதும் கடை அவளுக்குத்தான்."

கைதட்டினார்கள். அத்தை இடுப்பிலிருந்து பணம் வைத்த ஒரு சிவப்பு அங்பாவ் உறையை எடுத்தாள். மலேசியாவில் பெருநாளுக்குச் சீனர்கள் கொடுத்து, தமிழர்களும் எடுத்துக்கொண்ட வழக்கம். பிறந்த நாள், பரீட்சை, திருமணம், எதுவானாலும் அத்தை கையில் சிவப்பு உறை வந்துவிடும். கொடுத்தால் குனிந்து இரண்டு கையாலும் வாங்க வேண்டும். பெரியவர்கள் கொடுப்பதை மறுக்கிற பேச்சே இல்லை.

"முதல் வருஷத்துக்கு. வாம்மா, வாங்கிக்க."

அப்பா தூரத்திலிருந்து கண்ணால் 'போ' என்றார். விஷாலினி அத்தைக்கு முன்னால் போய் நின்றாள். கையை நீட்டவில்லை.

"வேண்டாம், அத்தை."

"வெக்கப்படாத. வாங்கிக்க."

"வெக்கம் இல்ல, அத்தை. வேண்டாம்."

"என்னா, பத்தலயோ?" என்றார் சுப்பிரமணியன். கூட்டம் சிரித்தது.

"இது என்ன கோழிக் கறியா அங்கிள், பத்தலன்னா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கறதுக்கு?"

அதற்கும் சிரிக்கத் தொடங்கியவர்கள் அத்தையின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"நான் சப்ளை செயின் படிக்கப் போறேன்" என்றாள் விஷாலினி. கூட்டத்தை விட்டு மாமாவைப் பார்த்துப் பேசினாள். "ஒரு ஸ்காலர்ஷிப் இருக்கு. கிடைச்சா அதுல. கிடைக்கலன்னா லோன்ல. கடையை வேற யாராவது நல்லாப் பாத்துக்குவாங்க, மாமா. எனக்கு அதுல ஆசை இல்ல. ஆசை இருக்கற மாதிரி அஞ்சு வருஷம் நடிக்க என்னால முடியாது."

மாமா கோபப்படவில்லை. "அது என்ன படிப்பும்மா?" என்று நிஜமாகவே கேட்டார்.

"அப்பா வேலை பாக்கற மாதிரி எடத்த நடத்தற படிப்பு, மாமா."

"பெட்டி அடுக்கறதுக்கு யூனிவர்சிட்டியா?" என்றார் சுப்பிரமணியன்.

அப்பா தலை குனிந்து இலையைப் பார்த்தார். அவ்வளவுதான். விஷாலினி திரும்பினாள்.

"நீங்க போட்டிருக்கீங்களே, அந்தக் கண்ணாடி பெட்டியிலதான் அங்கிள் வந்துச்சு. அடுக்க ஆள் இல்லன்னா நீங்க இப்ப என்னையே பாக்க முடியாது."

யாரோ பின்னால் 'அடிச்சா பாரு' என்று முணுமுணுத்தார். மாமா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. சிவப்பு உறை இன்னும் அவள் கையில் நீட்டியபடியே இருந்தது. கண் கலங்கிவிட்டது.

"இந்த வீட்ல நான் ஒனக்கு என்ன கொறை வெச்சேன்?"

விஷாலினி அந்தக் கையை உறையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் வெக்கல, அத்தை. ஒரு கொறைகூட இல்ல. அதனாலதான் நாலு வருஷமா என்னால வாயைத் தொறக்க முடியல. நீங்க கொஞ்சம் கெட்டவங்களா இருந்திருந்தா முதல் வாரமே சொல்லியிருப்பேன்."

"என்ன சொல்லியிருப்ப? பணம் வேணாங்கற, கடை வேணாங்கற. என்னதான் வேணும் ஒனக்கு? இத்தன பேர் முன்னாடி வாயாடறல்ல, அதையும் சொல்லு!"

அப்பா எழுந்து வந்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டதால் எச்சில் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்திருந்தார். "விஷா, போதும்மா. வா, கார்ல பேசிக்கலாம்."

கார். நான்கு வருட வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அந்தக் காரில்தான் ஓகே ஓகே என்று ஓடிப்போயின. கூடாரத்தின் அடுத்த முனையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் அசையவில்லை, தடுக்கவும் இல்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கார்ல வேணாம்ப்பா. கார்ல ஏறினா எனக்கு வாய் வராது."

அத்தையின் கையை விடாமலே அப்பா பக்கம் திரும்பினாள். எல்லோரும் கேட்கட்டும் என்று நிமிர்ந்து நின்றாள்.

"எனக்கு வீட்டுக்கு வரணும்ப்பா. ஹால்ல படுத்துக்கறேன், எங்க வேணா படுத்துக்கறேன். சனிக்கிழமைக்கு மட்டும் இல்ல, எல்லா நாளும். என்னைக் கூட்டிட்டுப் போங்க."